உலகின் முதல் லெஸ்பியன் லுத்தரன் பேராயர் யார்? பதவியில் இருந்தபோது என்ன செய்தார்?

ஸ்வீடனின் ஏவா புருன்னே. 2009 முதல் 2019 வரை ஸ்டாக்ஹோம் திருமண்டலத்தின் பேராயர். ஏவா என்பது நம் ஏவாள்தான். பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒருவர் சிரித்தது அதற்காகத்தான்.

சிரித்தவர் என் சித்தப்பா. 2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து இட்லியில் கை வைப்பதற்கு முன்பே செய்தித்தாளை மேசையில் போட்டு, "ஸ்வீடன்காரர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்றார். "நமக்குப் பேராயர்களைக் கொடுத்ததே அவர்கள்தானே சித்தப்பா" என்று நான் வாயை விட்டேன். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர், 1921-ல் பொறுப்பேற்ற எர்ன்ஸ்ட் ஹெய்மன், ஸ்வீடன்காரர். 1956-ல் ராஜா மாணிக்கம் வரும்வரை அந்தச் சபைத் தலைவருக்குரிய தரங்கம்பாடிப் பேராயர் பட்டம் அந்த நாட்டவரிடமே இருந்தது. சித்தப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

புருன்னே 1954-ல் மால்மோவில் பிறந்தவர். 1978-ல் குருப்பட்டம் பெற்றார். பேராயராகும்போது முப்பது ஆண்டு ஊழியம் பின்னால் இருந்தது. பதிவு செய்துகொண்ட இணையுடன் வாழ்ந்தார். அந்த இணையும் ஒரு பெண் குருவானவர். இருவருக்கும் ஒரு மகன். எதையும் ஒளித்து வைக்கவில்லை, தெரிந்தேதான் வாக்களித்தார்கள்.

அந்த வாக்கெடுப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2009 மே மாதம், இவருக்கு 413 வாக்கு, எதிரே நின்றவருக்கு 365. வெறும் 48 வாக்கு வித்தியாசம். 'ஸ்வீடன் என்றால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் நாடு' என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. அவருடைய சபையான ஸ்வீடன் லுத்தரன் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1960-ல்தான். முதல் பெண் பேராயர் 1997-ல் லுண்ட் நகரில் வந்தார். ஸ்டாக்ஹோமில் புருன்னேக்கு முன்பு இருந்தவரும் பெண்ணே. அதனால் பெண் என்பது அங்கே பழகிப்போன செய்தி, புதிது மற்றதுதான். அதே 2009 அக்டோபர் 22 அன்று ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஆலயத்தில் நடத்தலாம் என்று சபை முடிவெடுத்தது. நவம்பர் 8 அன்று உப்சாலா பேராலயத்தில் புருன்னே அபிஷேகம் செய்யப்பட்டார்.

அங்கே பேராயர்கள் ஆளுக்கொரு குறிக்கோள் வாசகத்தைத் தேர்ந்துகொள்வது வழக்கம். இவர் எடுத்துக்கொண்டது, மனிதரிடையே வேறுபாடு பார்க்காதே என்பது. நம் பழைய வேதாகமத்தில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: பட்சபாதம். சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்து பாட்டுப் பாடிய சபைகளின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தச் சொல்லின் பாரம் நன்றாகவே தெரியும்.

அவர் எதற்காகப் பேசப்பட்டார் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது 2010 அக்டோபர் 5-ஆம் தேதியைத்தான். நாடாளுமன்றம் கூடுமுன் உறுப்பினர்கள் ஸ்டாக்ஹோம் பழைய நகரில் உள்ள பெரிய கோவிலில் ஆராதனைக்குக் கூடுவது மரபு. புனித ஜார்ஜ் பறவைநாகத்தோடு போரிடும் பழைய மரச்சிற்பம் இருக்கிற கோவில் அது. அந்த ஆண்டுதான் குடியேற்றத்தை எதிர்க்கும் ஸ்வீடன் ஜனநாயகக் கட்சி முதன்முதலாக 20 இடங்களோடு உள்ளே வந்திருந்தது. முந்தின நாள் மாலை நகரத்தில் இனவெறிக்கு எதிராகப் பெரிய ஊர்வலம். புருன்னே பிரசங்கத்தில் அதைத் தொட்டார். ஒருவரைவிட இன்னொருவர் மதிப்பில் குறைந்தவர் என்று சொல்லும் இனவெறியை எதிர்த்து மக்கள் குரல் கொடுத்தார்கள் என்ற பொருளில் பேசினார். கட்சியின் பெயரை உச்சரிக்கவில்லை. ஆனாலும் தலைவர் ஜிம்மி ஓகெசோன் எழுந்தார், அவருடைய ஆட்களும் பின்னாலேயே எழுந்தார்கள், பிரசங்கம் முடிவதற்குள் கோவிலை விட்டு வெளியேறினார்கள். வெளிநடப்பு என்ற சொல்லைச் சட்டசபைக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். அன்று அது கோவிலுக்குள் நடந்தது. இத்தனைக்கும் அவருடைய இல்வாழ்க்கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எல்லாவற்றிலும் அவரோடு நான் உடன்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் உள்ள மாலுமிகள் ஆலயத்தைப் பற்றி ஒரு யோசனை சொன்னார்: கரையிறங்கும் முஸ்லிம் மாலுமிகள் தொழுவதற்கு வசதியாக மெக்கா இருக்கும் திசையைக் குறித்து வைக்கலாம், கிறிஸ்தவ அடையாளங்களைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாம் என்று. மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் பொதுவான பிரார்த்தனை அறை இருப்பதுபோல என்பது அவருடைய வாதம். அந்த ஆலயத்தை நடத்தியவர்களே ஒப்பவில்லை. விருந்தாளிக்கு இடம் விடுவது வேறு, வீட்டுக்காரர் தன் சுவரிலிருந்து சிலுவையைக் கழற்றுவது வேறு என்று எனக்கும் படுகிறது. திசைக்குறி மட்டும் போதாதா? ஆனால் இணையத்தில் இந்தக் கதை சுற்றிச்சுற்றி, 'பேராயர் ஸ்வீடன் ஆலயங்களின் சிலுவைகளையெல்லாம் அகற்றச் சொன்னார்' என்று ஊதிப் பெருத்துவிட்டது. ஒரே ஒரு துறைமுக ஆலயம், ஒரு யோசனை, நடந்தது அவ்வளவுதான்.

2019-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் ஆந்திரேயாஸ் ஹோல்ம்பெர்க்.

சித்தப்பா கடைசிவரை அவரைப் பேராயர் என்று சொல்லவில்லை, 'அந்த அம்மா' என்றுதான் சொன்னார். ஆனால் வெளிநடப்புச் செய்தியை வாசித்துக் காட்டியபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன ஆனாலும் பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து போகிறதா? வளர்ப்பு சரியில்லை" என்றார்.