ஊசி போட்ட முட்டியில் சீழ்: வழக்கு யார் மீது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58, சர்க்கரை உண்டு. முட்டிவலிக்குப் புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பக்கத்து மெடிக்கலில் இரண்டு குப்பி வாங்கி வரச் சொல்லி, ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதை அடுத்த தடவைக்கென்று எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் முட்டி வீங்கிச் சீழ் வைத்து, வேறு ஆஸ்பத்திரியில் இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. அந்தக் கிளினிக்கில் ஊசி போட்ட இன்னும் இரண்டு பேருக்கும் இதே கதி. கேட்டால், 'சுகர் இருந்தால் அப்படித்தான்' என்கிறார்கள். ஐம்பதாயிரம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அந்தக் கையெழுத்தை மட்டும் இப்போது போடாதீர்கள், அம்மா. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற ஒரு வரி அதில் நிச்சயம் இருக்கும். பணம் தருவதானால், வழக்குத் தொடரும் உரிமைக்குப் பாதகமில்லாமல் தருகிறோம் என்று அவர்கள் எழுதித் தரட்டும்.

அடுத்தது அந்த இரண்டாவது குப்பி. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. திறக்காதீர்கள். லேபிளில் எந்தச் சூட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறதோ அப்படியே வையுங்கள். பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான மருந்துக்கெல்லாம் பொதுவாகப் போடும் எண்), காலாவதித் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். மெடிக்கல் பில்லில் அதே பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில் வெள்ளைத் துண்டுச்சீட்டாக இருந்தால் ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் கைகொடுக்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கிருமி எங்கே புகுந்தது என்பதுதான் இங்கே கேள்வி. தொழிற்சாலையிலா, ஊசி போட்ட கையிலா? 2012-இல் அமெரிக்காவில் முதுகுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியால் மூளைக்காய்ச்சல் வந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு கிளினிக். ஆனால் மருந்து ஒரே இடத்தில் தயாரான மூன்று பேட்ச். அதனால் மருந்தில்தான் கோளாறு என்று பிடிபட்டது. உங்கள் விஷயத்தில் மூன்று பேரும் ஒரே கிளினிக். ஒரே பேட்ச்சா என்று கேளுங்கள். பேட்ச் வேறு, கிருமி ஒன்று என்றால், சந்தேகம் கிளினிக்கின் பக்கம் திரும்பும்.

கிருமி எது என்று தெரிந்தாக வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வாரக்கணக்கில் கழித்து வரும் சீழில் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தவை இருப்பதுண்டு. சீழிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையில் அவை தெரியாமல் போகலாம். அதற்கான தனிக் கல்ச்சர் செய்தார்களா, வளர்ந்த கிருமியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

மருந்துச் சட்டம், 1940-இன் 26-ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதே இல்லை. காசு கொடுத்து வாங்கிய மருந்தை எந்தச் சாதாரண ஆளும் படிவம் 14ஏ-இல் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் அவசரப்பட்டுக் கையிலிருக்கும் ஒரே குப்பியை அனுப்பிவிடாதீர்கள். முதலில் புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஆய்வாளர் அந்த மெடிக்கலில் அதே பேட்ச்சிலிருந்து மாதிரி எடுத்து சீல் வைத்தால், அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம். மருந்து யாரிடம் வாங்கினீர்கள் என்று அவர் கேட்டால் கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். கூடவே, மருந்துப் பாதிப்புக்கான 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவியுங்கள்.

போலீஸ் விஷயம்: போகலாம், ஆனால் அதை முதலில் செய்யச் சொல்ல மாட்டேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், டாக்டர் மீது கிரிமினல் வழக்கு என்றால் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. கையில் ரிப்போர்ட் இல்லாமல் ஸ்டேஷன் வாசலில் நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

நஷ்டஈட்டுக்குச் சரியான இடம் நுகர்வோர் ஆணையம். சிகிச்சை புதுச்சேரியில் என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கிளினிக், மெடிக்கல், மருந்து தயாரித்த கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், இருப்பவர்கள் இல்லாதவர்மேல் கையைக் காட்டிவிடுவார்கள். தயாரிப்பிலேயே கோளாறு என்று நிரூபணமானால், கம்பெனி கவனக்குறைவாக இருந்ததா என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. குப்பியைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்தையே கேட்கலாம்.

அந்த 'சுகர்' கதைக்கு வருகிறேன். சர்க்கரை இருந்தால் தொற்று சுலபமாகப் பற்றும், சரி. ஆனால் சர்க்கரை கிருமியை உண்டாக்கி மூட்டுக்குள் கொண்டுபோய் வைக்காது. சர்க்கரை உண்டு என்று தெரிந்தே ஊசி போட்டவர்களுக்குப் பொறுப்பு கூடும், குறையாது. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் சுகரா?

இப்போதே கிளினிக்கிடம் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகலை எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். மருத்துவ ஒழுங்குமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அந்தத் தபால் ரசீதே உங்களுக்குச் சாட்சி. மனுவுக்கு இரண்டு வருடக் கெடு உண்டு. கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்ததல்ல, சிகிச்சைக்கும் மருந்துக்கும் நீங்கள் கொடுத்த தொகையைப் பொறுத்தது. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. மற்ற இரண்டு குடும்பங்களும் சம்மதித்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு போடலாம்.