‘குட்டி’ அலுவலகம் வரை வந்துவிட்டால்

வணக்கம். சித்தப்பா மகன் உங்கள் அலுவலகத்திலேயே சேர்ந்ததிலிருந்து, 34 வயதில் எல்லோருக்கும் ‘குட்டி சார்’ ஆகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான வருத்தம்தான். முதலில் தம்பியிடம் தனியாகச் சொல்லுங்கள்: “வீட்டுல குட்டி, இங்க செந்தில்.” செந்தில்குமரன் என்று முழுதாகக் கூப்பிடச் சொல்லாதீர்கள், நீளமான பெயர் வாயில் நிற்காது, மறுபடி குட்டிக்கே போய்விடுவார்கள். மற்றவர்களை மீட்டிங்கில் வைத்துத் திருத்த வேண்டாம். போனை எடுத்ததும் “செந்தில் பேசுறேன்” என்று தொடங்குங்கள், வாட்ஸ்அப்பிலும் அதையே வையுங்கள். செல்லப்பெயரில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர் 1977இல் ஜிம்மி கார்ட்டர் என்றே அமெரிக்க அதிபராகப் பதவியேற்றார். ஆனால் அது அவரே விரும்பி வைத்துக்கொண்டது. அப்புறம், அம்மாவிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். பாவம், மனம் நோவார்.