தாத்தாவின் போர் வாழ்க்கை படமாகிறது: குடும்பம் எதில் கையெழுத்திட வேண்டும்?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவரின் கேள்வி: “என் தாத்தா மதராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றி, 1971 போரில் கலந்துகொண்டவர், சில ஆண்டுகளுக்கு முன் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அவருடைய வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்கப்போவதாகக் கூறும் ஒரு படக்குழு, ‘வாழ்க்கை உரிமை’ ஒப்பந்தத்தில் பாட்டியிடம் கையெழுத்துக் கேட்கிறது. தாத்தா எல்லையிலிருந்து எழுதிய கடிதங்களையும் பழைய படங்களையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?”

கொடுக்கலாம், ஆனால் அவர்கள் எழுதிக் கொண்டுவந்த தாளில், அப்படியே அல்ல. இறந்தவரின் பெயரைக் காக்கச் சட்டத்தில் உள்ள வழிகள் குடும்பங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆகவே ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதி வாங்கும் வரிகளே உங்கள் தாத்தாவுக்கு உண்மையான காவல்.

ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய திருமணம், குடும்பம் போன்ற அந்தரங்கச் செய்திகளை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது என்றும், பொது ஆவணங்களில் இருப்பவற்றுக்கு அந்தத் தடை இல்லை என்றும் கூறியது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் படைப்புகளை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தரங்க உரிமை ஒருவருடைய மரணத்தோடு முடிந்துவிடுகிறது, அது சொத்தைப்போல வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று தீர்ப்பளித்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இறந்தவர் மீதான அவதூறையும் குற்றமாகக் கருதுகிறது என்றாலும், உறவினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். படம் வெளிவந்தபின் அதற்காக நீதிமன்றம் ஏறி இறங்குவது எளிதல்ல.

அப்படியானால் படக்குழு ஏன் உங்கள் வாசலுக்கு வருகிறது? பாட்டி உயிரோடு இருக்கிறார். அவருடைய திருமண வாழ்க்கையைத் திரையில் காட்ட அவருடைய இசைவு வேண்டும். அடுத்தது கடிதங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்தபின் எழுத்தின்மீதான உரிமை வாரிசுகளுடையது; அவர் இருந்தபோது வெளிவராத எழுத்துக்கு, அது முதலில் வெளியாகி 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். கடிதத் தாள் பாட்டியின் பெட்டியில் இருக்கலாம். அதில் உள்ள வாசகங்களின் உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமானால், பாட்டிக்கும் மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சமமாகச் சேரும். எனவே பாட்டி ஒருவரின் கையெழுத்து போதாது. உங்கள் அத்தைமாரையும் அழைத்துப் பேசுங்கள். மூலக் கடிதம் ஒன்றைக்கூடக் கையை விட்டு அனுப்பாதீர்கள். ஸ்கேன் செய்து கொடுத்தால் அவர்கள் வேலைக்கு அது போதும்.

ஒப்பந்தத்தில் என்னை மிகவும் அச்சுறுத்துவது, “நாடகத் தன்மைக்காக எந்த மாற்றத்தையும் செய்யலாம்” என்ற வழக்கமான வரிதான். உரையாடல், காலச் சுருக்கம் ஆகியவற்றுக்கு இடம் கொடுக்காமல் படம் எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் செய்யாத வீரச்செயலை ஏற்றிச் சொல்வதற்கும், உடன் நின்ற தோழர் செய்ததை உங்கள் தாத்தாவின் பெயரில் எழுதுவதற்கும் இசையக் கூடாது; அந்தத் தோழருக்கும் எங்கோ ஒரு குடும்பம் இருக்கிறது. திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன் படித்துக் கருத்துச் சொல்லும் உரிமையையும், தணிக்கைக்கு அனுப்பும் முன் படத்தைப் பார்க்கும் உரிமையையும் கேளுங்கள். குடும்பத்தின் சொல் எடுபடாது என்று எண்ண வேண்டாம். மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொன்ன ‘அமரன்’ (2024) படத்தில், தமிழ் வேர் உள்ள நடிகரே நடிக்க வேண்டும் என்று அவருடைய மனைவி விரும்பியதாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமியே மேடையில் கூறினார்.

உரிமை ஒரே ஒரு திரைப்படத்துக்கு மட்டும் என்றும், இத்தனை ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் அது குடும்பத்துக்கே திரும்பும் என்றும் எழுதுங்கள். ராணுவம் பற்றிய படங்களை வெளியிடும் முன் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அதைப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பே என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

இவற்றுக்கு முன்பாக, பணியிலிருந்து விடுவித்தபோது ராணுவம் கொடுத்த, தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுங்கள். எந்தப் பட்டாலியன், எந்த ஆண்டு, என்ன பதக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் கடலூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். (பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரிக்காரர்களின் குடும்பங்களுக்கு இந்த வழி பொருந்தாது, அவர்கள் பிரான்சின் போ நகரிலுள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும்.) ஆவணம் உங்கள் கையில் இருந்தால், திரைக்கதையில் எது நடந்தது, எது கற்பனை என்பதை அவர்களோடு வரிக்கு வரி பேச முடியும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதியையும் இணைக்கச் சொல்லுங்கள். படக்குழுவின் வழக்கறிஞர் அல்லாமல் உங்களுக்கென ஒருவரை அமர்த்தி, பாட்டிக்கு அதை முழுவதும் வாசித்துக் காட்டச் செய்து, வாசித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்போடு கையெழுத்து வாங்குங்கள். முன்பணமும் மீதித் தொகையும் யார் யாருக்கு எவ்வளவு என்பதைப் பெயரிட்டு எழுதி, பாட்டியின் பங்கு அவருடைய வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும்.