வேர்டில் கணக்கு வினாத்தாள் அடிக்கிறேன். பின்னம், வர்க்கமூலம், அணி எல்லாவற்றுக்கும் மெனுவில் தேட வேண்டியிருக்கிறது. சீக்கிரம் அடிக்க வழி உண்டா?

உண்டு. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்துங்கள், சமன்பாட்டுப் பெட்டி வந்துவிடும். அதற்குள் ஒரே வரியில் அடித்தால் போதும், கணக்குப் புத்தகத்தில் இருப்பதுபோல் வேர்டே அடுக்கிக்கொள்ளும். 2007 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதிதான், ஆனால் தினமும் வினாத்தாள் அடிக்கிறவர்கள்கூட இன்னும் மேலே இருக்கிற படங்களைத்தான் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் ஸ்பேஸ் பாரில்தான் இருக்கிறது. (3+5)/(7-2) என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் பின்னமாகிவிடும், அடைப்புக்குறிகளும் காணாமல் போய்விடும், ஏனென்றால் தொகுதி எது பகுதி எது என்று காட்டத்தான் அவை. தாளிலும் அடைப்புக்குறி தெரியவேண்டுமா, ((3+5))/(7-2) என்று இரட்டையாகப் போடுங்கள். அடுக்குக்கு ^, கீழ்க்குறிக்கு _. <= அடித்தால் ≤, +- அடித்தால் ±. ஆல்பா, தீட்டா மாதிரி எழுத்துகளுக்கு முதலில் \ போட்டு, ஒட்டினாற்போல் அதன் ஆங்கிலப் பெயர், அப்புறம் ஸ்பேஸ்.

அணிதான் பலருக்கும் தலைவலி. \ போட்டு மேட்ரிக்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் (1&2@3&4) போட்டு ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். & போட்டால் அடுத்த நிரல், @ போட்டால் அடுத்த நிரை, அவ்வளவுதான். மொத்தத்தையும் இரண்டு | கோடுகளுக்கு நடுவில் அடித்தால் அணிக்கோவை. 3×3 அடிக்கடி வருமென்றால் அந்தச் சட்டத்தையே கணித ஆட்டோகரெக்ட் பட்டியலில் (குறும்பெயரை அடித்தால் முழுசாக மாற்றித் தரும் பட்டியல்) ஒரு குறும்பெயரில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் \ போட்டு அடிக்கிற எதுவும் வேலை செய்யாது, எழுத்து தமிழில்தானே விழும்! விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். "எனில்", "மதிப்பு காண்க" போன்ற சொற்களைப் பெட்டிக்கு வெளியிலேயே அடித்துவிடுவது நல்லது.

பழைய வினாத்தாளைத் திறந்து திருத்துகிறவர்களுக்கு ஒன்று: வேர்டில் முன்பு இருந்த பழைய சமன்பாட்டுக் கருவியான ஈக்வேஷன் எடிட்டர் 3.0-வில் அடித்த சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்த எடிட்டரில் திருத்த முடியாது. பாதுகாப்புக் கோளாறு காரணமாக மைக்ரோசாஃப்ட் அதை 2018 ஜனவரியிலேயே எடுத்துவிட்டது. ஒன்றிரண்டுதான் என்றால் புதிதாக அடித்துவிடுங்கள், அதுதான் சீக்கிரம் முடியும்.