எந்த எழுத்து எங்கே உட்காரும்?

கேள்வி: ஐயா, தினமும் வேர்டில் (Wordle) விளையாடுகிறேன். ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் ஆட்டம் அது. போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல் நிறம் காட்டும். போன வாரம் எஸ், எச், ஏ மூன்றும் வரிசையாகப் பச்சையில் விழுந்தன. கடைசிக் கட்டத்தில் ஈயும் பச்சை. நாலாவது எழுத்து மட்டும்தான் பாக்கி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிட்டது. இப்படி வரும் ஐந்தெழுத்துச் சொற்களின் பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

பதில்: பட்டியல் வேண்டாம் அம்மா. அந்தக் கட்டத்தை மட்டும் உட்கார்ந்து பார்ப்போம். ஷேட், ஷேக், ஷேல், ஷேம், ஷேப், ஷேர், ஷேவ். வழக்கில் இருப்பவை இந்த ஏழுதான் (ஷேல் என்பது தகடு தகடாகப் பிளக்கும் ஒருவகைப் பாறை). நாலாவது கட்டத்துக்கு வரிசையில் நிற்பவை டி, கே, எல், எம், பி, ஆர், வி. ஏழு பேர் நிற்க, கையில் நாலைந்து வாய்ப்பு மட்டும் இருந்தால், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பது அதிர்ஷ்டத்தை நம்புகிற வேலை.

இந்த மாதிரி நேரத்தில், விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லைத் துணிந்து போட வேண்டும். மேப்பிள் மரத்தின் பெயரைப் போடுங்கள்: எம்-ஏ-பி-எல்-ஈ. எம் மஞ்சளானால் விடை ஷேம், பி மஞ்சளானால் ஷேப், எல் பச்சையானால் ஷேல். மூன்றும் சாம்பலாகிவிட்டால் அடுத்து ட்ரிங்க். அதிலே டி, ஆர், கே மூன்றும் இருக்கின்றன. ஒன்று மஞ்சளானால் அதுதான் விடை, எதுவும் ஆகாவிட்டால் ஷேவ். ஏழில் எது ஒளிந்திருந்தாலும் அதிகபட்சம் மூன்றாவது வாய்ப்பில் பிடித்துவிடலாம். ஒரு விஷயம்: கடினநிலையை, அதாவது ஹார்ட் மோடை, வைத்து விளையாடுகிறவர்களுக்கு இது உதவாது. கண்டுபிடித்த எழுத்துகளை விடாமல் பயன்படுத்தச் சொல்லும் ஆட்டம் அது.

பட்டியலை மனப்பாடம் செய்தால் இந்த ஏழு சொற்கள் மட்டும்தான் வரும். எந்த எழுத்து எந்த இடத்தில் உட்காரும், எந்த இடத்தில் உட்காரவே உட்காராது என்று கவனிக்கப் பழகினால் எல்லாக் கட்டத்துக்கும் அது கைகொடுக்கும். எஸ் முதலிலும் ஏ நடுவிலும் இருக்கிறதா? இரண்டாவது இடத்துக்கு ஸ்கேல், ஸ்நேக், ஸ்பேஸ், ஸ்டேஜ், ஸ்லேட் என்று பலபேர் வருவார்கள். ஆனால் எஸ்ஸை அடுத்து ஜே வருகிற சாதாரணச் சொல்லை யோசித்துப் பாருங்கள், கிடைக்காது. தாளின் ஓரத்தில் இருபத்தாறு எழுத்தையும் எழுதிவைத்து, உட்கார முடியாதவற்றைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவது என் வழக்கம்.

கேள்வி: ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து ஈ என்கிறார்கள். முதல் சொல்லிலேயே எந்தெந்த எழுத்துகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது?

பதில்: ஈதான், சந்தேகமே இல்லை. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ஈக்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமாக வரும் க்யூவுக்குக் கோடு, கோடு, புள்ளி, கோடு. எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கத்தில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் எதற்கு எத்தனை வில்லை என்று முடிவு செய்தார். நூறு வில்லையில் ஈக்குப் பன்னிரண்டு. எஸ்ஸுக்கு நான்குதான், ஏனென்றால் கையில் எஸ் நிறைய இருந்தால் எந்தப் பெயர்ச்சொல்லையும் பன்மையாக்கி நீட்டிவிடலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதப்பட்ட பத்தியில் எண்ணுவது வேறு, சொற்பட்டியலில் எண்ணுவது வேறு. தி, தட், திஸ் என்று வரிக்கு வரி வருவதால் பத்தியில் எச் மேலே ஏறி நிற்கும். சொற்களை ஒரே ஒருமுறை வைத்து எண்ணினால் அது கீழே இறங்கிவிடும், ஆர் மேலே வரும். வேர்டிலில் விடையாக வரும் சொற்கள் தொடக்கத்தில் ஏறக்குறைய 2,300 இருந்தன. எஸ் சேர்த்த வெறும் பன்மைகள் அதில் விடப்பட்டன. அதனால் எஸ்ஸை முதல் கட்டத்தில் சோதியுங்கள், கடைசியில் வேண்டாம். ஆர், எல், ஏ, ஈ ஆகியவற்றை முதல் இரண்டு சொற்களுக்குள் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நைட், லைட், ரைட், ஃபைட் என்று கேட்கும்போது வராத ஜியும் எச்சும் எழுதும்போது எதற்கு? என் மகன் ஒவ்வொரு தேர்விலும் அதை விட்டுவிடுகிறான்.

பதில்: பையனைத் திட்டாதீர்கள். அந்த இரண்டெழுத்தும் ஒருகாலத்தில் ஒலித்தவை. தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி அது. ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை நாக்ட் என்று அந்த உரசலோடுதான் சொல்கிறார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைத்துப்போனது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. சைட், மைட், டைட், எய்ட் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக எழுதிக் காட்டுங்கள். ஒன்றைச் சரியாக எழுதினால் மற்றவை தானாக வந்துவிடும்.

கேள்வி: நாலாவது எழுத்து வி. ஐந்தாவது என்னவாக இருக்கும்?

பதில்: பெரும்பாலும் ஈ. ஆங்கிலச் சொற்கள் வியில் முடிவதில்லை. ஒருகாலத்தில் யூவுக்கும் விக்கும் ஒரே வடிவம்தான். கடைசியில் நின்றால் யூவா வியா என்று குழப்பம் வரும், அதனால் பின்னால் ஓர் ஈயை நிறுத்தினார்கள். ஹேவ், கிவ், லவ் எல்லாம் அப்படி வந்தவை. ஐந்தெழுத்தில் க்ளவ், நெர்வ், சால்வ், கர்வ், லீவ். ஜேயும் இதே ரகம், கடைசியில் நிற்காது. ஜட்ஜ், பேட்ஜ் என்ற சொற்களின் முடிவில் ஜி-ஈ இருப்பதைப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து உயிரெழுத்தும் வரிசை மாறாமல் வரும் சொல் உண்டா?

பதில்: உண்டு. ஃபெசீஷியஸ்: எஃப்-ஏ-சி-ஈ-டி-ஐ-ஓ-யூ-எஸ், ஒன்பது எழுத்து. ஆப்ஸ்டீமியஸ் இன்னொன்று, பத்தெழுத்து. வரிசை மாறினாலும் பரவாயில்லை, நீளம் குறைவாக வேண்டும் என்றால் செக்கோயா மரத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். ஏழே எழுத்தில் ஐந்தும் அடங்கிவிடும்.