ஐயாயிரம் ரூபாய் ஐஷேடோ நம் இமையில் எடுக்குமா?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 26. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருத்த நிறம், இமையில் சீக்கிரம் எண்ணெய் கசியும். வைகாசியில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், இரண்டும் தண்டையார்பேட்டையில் ஒரே மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு மேக்கப் போட ஆள் சொல்லியாகிவிட்டது. ரிசப்ஷனுக்குத் தானே போட்டுக்கொள்ள ஆசை. அதற்காக சார்லட் டில்பரியின் 'பில்லோ டாக்' லக்ஷுரி பாலெட் என்ற ஐஷேடோ பெட்டியை வாங்குவதா, டியோரின் ஐந்து நிறப் பெட்டியில் 'நியூட் டிரெஸ்' வாங்குவதா என்று இரண்டு மாதமாக மனசு அல்லாடுகிறதாம். அவர் விசாரித்த விலை முதலாவதுக்கு 5,500 ரூபாய் வாக்கில், இரண்டாவதுக்கு 6,500 வாக்கில். "அந்தக் காசுக்கு எம்.சி. ரோட்டில் இன்னொரு புடவை எடுக்கலாமே என்கிறார் அம்மா. இவ்வளவு கொடுப்பது தகுமா? பின்னால் நானும் கல்யாண மேக்கப் தொழிலுக்கு வரலாம் என்றிருக்கிறேன், அதற்கும் இது உதவுமா?" என்று கேட்கிறார்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பெண்களின் கண்ணுக்கு 17 வருஷமாக நிறம் பூசுகிறவள் என்ற உரிமையில் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு கம்பெனியும் நல்லவைதான். நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு நிறப் பெட்டிதான் உங்களுக்கு உரியதில்லை. ஏனென்று சொல்கிறேன்.

'நியூட்' என்று பெட்டியில் போட்டிருப்பது யாருடைய தோல் நிறம்? பெரும்பாலும் வெளிறிய தோலை மனதில் வைத்துக் கலந்த நிறம். பில்லோ டாக் பாலெட்டில் நான்கு நிறங்கள்: மினுங்கும் வெளிர் ஷாம்பெயின், மினுக்கமில்லாத 'மேட்' பதத்தில் ஒரு மங்கிய ரோஸ், அடர்ந்த ஒரு பழுப்பு, கடைசியாகப் பொடி மின்னலுடன் ஒரு ரோஸ் கோல்டு. வெளிறிய இமையில் அந்த மங்கிய ரோஸ் அழகாக வெட்கப்பட்டு நிற்கும். நம் இமையிலோ இரண்டில் ஒன்று நடக்கும். தோலோடு கலந்து பூசினதே தெரியாது, இல்லாவிட்டால் சாம்பல் பூத்த மாதிரி உட்காரும். வெளிர் நிறங்களை வெளுக்க வைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. அட்டைப்பெட்டியின் பின்னால் சி.ஐ. 77891 என்று எண்ணாக இருக்கும். மேட் நிறத்தில் அது கூடக் கூட, கருத்த தோலின் மேல் சுண்ணாம்புச் சாயல் தட்டும். கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் இது மாறாது, பொடியின் குணம் அது.

ஒரு சம்பவம். சில வருஷம் முன்னால் ஒரு மணப்பெண், துபாயிலிருந்து அக்கா வாங்கிவந்த விலை உயர்ந்த பாலெட்டைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முழுக்க முழுக்க வெளிர் பிங்க். மூன்று தடவை ஏற்றியும் அவள் இமையில் ரோஸ் வரவில்லை, மாவு ஒட்டினது போலத்தான் இருந்தது. மண்டபத்து வீடியோ லைட் விழுந்ததும் கண் இரண்டும் வெண்ணிறத்தில் வீங்கினாற்போலத் தெரிந்தது. கடைசியில் துடைத்துவிட்டு, என் பெட்டியிலிருந்த சாதாரணச் செங்கல் நிற மேட்டை இமை மடிப்பில் வைத்து, நடுவில் மட்டும் அந்தப் பாலெட்டின் ஷிம்மரை, அதாவது மினுங்கும் நிறத்தை, விரலால் ஒற்றினேன். கண் எழுந்து நின்றது. அன்றைக்குப் புரிந்தது, விலை உயர்ந்த பெட்டியில் நமக்கு வேலை செய்வது அநேகமாக அதன் ஷிம்மர்தான் என்று.

அதற்கும் காரணம் இருக்கிறது. மேட் நிறம் பெரும்பாலும் டால்க் போன்ற ஒரு பொடி, இரும்பு ஆக்சைடு நிறமிகள், ஒட்டிப்பிடிக்க மெக்னீசியம் ஸ்டியரேட் மாதிரி ஒன்று, கொஞ்சம் சிலிக்கோன். இதைச் சுமாரான விலையிலேயே நன்றாகச் செய்கிறார்கள். ஷிம்மர் அப்படியில்லை. மைக்கா என்ற கனிமத்தின் மெல்லிய தகடுகள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடையோ இரும்பு ஆக்சைடையோ படலமாக ஏற்றுவார்கள். அந்தப் படலத்தின் தடிமனைப் பொறுத்து வெளிச்சம் தங்கமாகவோ செம்பாகவோ ரோஸாகவோ திரும்பும். தகடு சீராக இருந்தால் இமை பட்டுப்போல் மின்னும். ஒழுங்கில்லாமல் இருந்தால் ஜிகினா, கன்னமெல்லாம் உதிரும். விரலில் தொட்டாலே வித்தியாசம் தெரியும். நல்ல ஷிம்மர் நெய் தடவினது போல வழுக்கி ஏறும், மட்டமானது நறநறக்கும்.

இப்போது இரண்டு பெட்டிக்கும் வருகிறேன். சார்லட் டில்பரி லண்டனின் பிரபல மேக்கப் கலைஞர், 2013இல் சொந்தப் பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. அவருடைய லக்ஷுரி பாலெட்டில் நான்கு நிறம், மொத்தம் 5.2 கிராம். டியோர் பாரிஸின் 1946ஆம் வருஷத்து ஃபேஷன் நிறுவனம். அவர்கள் பெட்டியில் சுற்றி நான்கு, நடுவில் ஒன்று என ஐந்து நிறம், மொத்தம் 7 கிராம். நீங்கள் சொன்ன விலைக்குக் கணக்குப் போட்டால் டில்பரி கிராமுக்கு ஏறக்குறைய 1,058 ரூபாய், டியோர் 929 ரூபாய். டியோர்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஐஷேடோவில் கிராம் கணக்கை அதிகம் நம்பாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஒரு பாலெட்டை அடிவரை தீர்த்த பெண்ணை நான் பார்த்ததே அரிது. தொடாமல் கிடக்கிற நிறம்தான் நஷ்டம். நான்கில் இரண்டுதான் உங்கள் இமையில் எடுக்கும் என்றால், 5,500 ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது இரண்டே இரண்டு நிறம்.

டில்பரியில் எனக்குப் பிடித்தது அந்த வரிசை. பிரைம், என்ஹான்ஸ், ஸ்மோக், பாப் என்று நான்குக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாவதை இமை முழுக்க, இரண்டாவதை மடிப்பில், மூன்றாவதை மயிர்க்கால் ஓரம், நான்காவதை நடுவில். புதிதாகப் போட்டுக்கொள்கிறவருக்கு இது கையைப் பிடித்துச் சொல்லித்தருவது மாதிரி. டியோர் பெட்டியில் எதை எங்கே வைப்பது என்பது உங்கள் கையைப் பொறுத்தது. பொடி நைஸாக இருக்கும், பிரஷ்ஷில் லேசாக எடுத்தால் போதும். கை பழகினவர்களுக்கு அது சந்தோஷம். பழகாதவர்கள் ஐந்து நிறத்தையும் தேய்த்துத் தேய்த்து ஒரே பழுப்பாக்கிவிடுவார்கள்.

ரிசப்ஷனுக்கு நீங்களே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள், அதுவும் கல்யாண வீட்டுப் பரபரப்புக்கு நடுவில். அதனால் இரண்டில் ஒன்று என்றால் டில்பரியையே சொல்வேன், ஆனால் பில்லோ டாக் வேண்டாம். அதே லக்ஷுரி வரிசையில் 'டால்சே வீட்டா' என்று ஒன்று இருக்கிறது: செம்பு, செங்காவி, தங்கம் என்ற சாயலில் வருவது. அரக்குப் பட்டுக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் மயில்கழுத்துப் பச்சைக்கும் அது இழைந்து போகும். உங்கள் தோலில் நான்கு நிறமும் வேலை செய்யும். டியோர்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் சரி, அதிலும் நியூட் டிரெஸ்ஸை விட்டுவிட்டு வெண்கலம், செங்கல் நிறம் வருகிற பெட்டியைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் தோலில் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கடையில் முன்கையின் உள்பக்கம் தடவிக் காட்டுவார்கள். அது உடம்பிலேயே வெளுத்த இடங்களில் ஒன்று, இமையின் நிறம் அங்கே கிடையாது. பலர் தொட்ட டெஸ்டரைக் கண்ணுக்கும் கொண்டுபோகக் கூடாது. புறங்கையில், விரல் முட்டிக்குப் பக்கத்தில் கருத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு இழுப்பு இழுங்கள். கடையின் மஞ்சள் விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். வேர்வை பட்ட பிறகும் நிறம் நிறமாகவே இருந்தால் வாங்கலாம்.

பர்மா பஜார் பக்கம் பாதி விலைக்குக் கிடைக்குமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார். எந்தக் கடையானாலும் என் பதில் ஒன்றுதான். வெளிநாட்டு அழகுசாதனத்தை இங்கே சட்டப்படி விற்க, 2020ஆம் வருஷத்து விதிகளின்படி அதை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவு எண், ரூபாயில் எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் இல்லை, பில் இல்லை, ஆனால் பாதி விலை என்றால் கண்ணுக்குள் போகிற பொருளில் அந்தப் பரீட்சை வேண்டாம். போலிப் பெட்டிக்குள் என்ன நிறமி இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது, அரிப்பு வந்தால் கல்யாண நாளில் கண்ணைத் திறக்க முடியாது. அப்புறம், சுத்த சைவக் குடும்பமாக இருந்தால் பின்பக்கம் சி.ஐ. 75470 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது கார்மைன், கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

இனி நம்ம ஊர் விஷயம். வைகாசியில் கடற்காற்று வந்தாலும் புழுக்கம் போகாது, கழுத்து கசகசவென்றுதான் இருக்கும். எண்ணெய் கசியும் இமையில் வெறுமனே பூசினால் எந்த விலை ஐஷேடோவும் இரண்டு மணி நேரத்தில் மடிப்பில் கோடாகத் திரளும். பொடியை எண்ணெய் கரைக்கிறது, கண் சிமிட்டும் போதெல்லாம் மடிப்பு அதை நசுக்கி ஒதுக்குகிறது. ஆகவே முதல் செலவு ஐ பிரைமர், அதாவது ஐஷேடோவுக்கு அடியில் இமையில் தடவும் பூச்சு. கடலைப்பருப்பு அளவு கூட வேண்டாம், கடுகு அளவு இரண்டு கண்ணுக்கும் போதும். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பி ஒரு நிமிஷம் காயவிடுங்கள். அதற்கு மேல் உங்கள் தோல் நிறத்திலேயே ஒரு மேட் பொடி மெல்லிசாக, பிறகு நிறம். ஷிம்மரை உலர்ந்த பிரஷ்ஷால் எடுக்காமல், விரலால் அழுத்தி ஒற்றுங்கள். கை சூட்டில் அது இளகி ஒட்டிக்கொள்ளும். காஜலில் கவனம் தேவை. நம் கண் மை எண்ணெய்ப் பதம் உள்ளது, வேர்வையில் ஏறி மேலே பூசியதையும் கருப்பாக்கிவிடும். ரிசப்ஷனுக்கு வாட்டர்ப்ரூஃப் பென்சில் போதும், அதன் மேலே அந்த ஸ்மோக் நிறப் பழுப்பை மெல்லிய பிரஷ்ஷால் பூசி அடக்கிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு தடவையாவது சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டு ஃபேன் இல்லாத அறையில் பத்து மணிவரை இருந்து பாருங்கள். மண்டபத்து ஏசியை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

தொழிலுக்கு உதவுமா என்ற கேள்விக்கு, இரண்டுமே உதவாது. ஒரு மேக்கப் பெட்டிக்குத் தேவை பதினைந்து இருபது மேட் நிறங்கள்: மஞ்சள் பழுப்பிலிருந்து காப்பிக்கொட்டை வரை, செங்கல், அரக்கு, கருப்பு. நான்கு நிறத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பெண்களையும் அலங்கரிக்க முடியாது. காலி காந்தப் பெட்டி ஒன்று வாங்கி, 26 மில்லிமீட்டர் வட்ட ரீஃபில்களை, அதாவது தனித்தனி நிற வில்லைகளை, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். தீர்ந்ததை மட்டும் மாற்றலாம். யார் கண்ணிலும் நேரடியாகப் பெட்டியிலிருந்து பிரஷ் வைக்காமல், ஒரு ஸ்டீல் தட்டில் சுரண்டி எடுத்து உபயோகியுங்கள். கண்வலி ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போக ஒரு பிரஷ் போதும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். புடவையை வருஷத்தில் இரண்டு தடவை கட்டுவீர்கள். உங்கள் நிறத்துக்குப் பொருந்திய பாலெட் என்றால் மறுவீடு, வளைகாப்பு, பொங்கல் என்று எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பெட்டியின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் மாதக் கணக்கு எண் போட்டிருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம். திறந்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். விரல் எண்ணெய் பட்டு மேலே பளபளவென்று இறுகிப்போனால் செல்லோடேப்பை லேசாக ஒட்டி எடுங்கள், அடியில் நிறம் அப்படியே இருக்கும்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால், பிரைமரும் ஒரே ஒரு நல்ல செம்பு ஷிம்மரும் இரண்டு மேட் பழுப்பும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ரிசப்ஷன் மேடைக்கு அதுவே தாராளம். டால்சே வீட்டாவை முதல் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.