ஓரியூர் திருப்பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், பாம்பாற்றை ஒட்டி அமைந்துள்ள ஓரியூர், புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693-ஆம் ஆண்டு தலை வெட்டுண்டு இறந்த ஊர். ராமேசுவரம் தீவு முதல் தொண்டி வரையுள்ள கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளின் (ஆலயச் சமூகங்களின்) திருப்பயணக் குழுக்களுக்கு வழிகாட்டியாகச் சென்று வருபவன் என்ற முறையில், பயணத்துக்கு ஆயத்தமாகும் அன்பர்கள் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பாம்பன்): ஐயா, வணக்கம். எங்கள் அன்பியத்திலிருந்து (பங்கின் சிறு செபக் குழுவிலிருந்து) பேருந்து பிடித்து வேளாங்கண்ணிக்குப் போகிறோம். போகிற வழியில் ஓரியூரில் முக்கால் மணி நேரம் நிறுத்துவதாகப் பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். அது போதுமா?

பதில்: போதாது, சகோதரி. அந்த முக்கால் மணி நேரம் எப்படிக் கழியும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்தி இறங்குவதற்கும், பெண்களும் குழந்தைகளும் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதற்கும் பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் ஒரு மெழுகுதிரி, ஒரு பரலோக மந்திரம், பீடத்தின் முன் ஒரு புகைப்படம். அதற்குள் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தத் தொடங்கிவிடுவார். அருளானந்தர் யார், எதற்காக இந்த மணல்மேட்டில் அவர் தலை விழுந்தது என்பதைக் கேட்காமலேயே ஐம்பது பேர் மறுபடியும் வண்டியில் ஏறிவிடுவார்கள். வேளாங்கண்ணியை உலகம் அறியும். ஓரியூரோ நம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தும் நம் பிள்ளைகள் பலருக்குப் பெயரளவில்தான் தெரியும் என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

நான் அழைத்துச் செல்லும் குழுக்களை விடியலுக்கு முன்பே புறப்படச் சொல்லி, வெயில் ஏறுமுன் ஓரியூரில் இறங்கும்படி பார்த்துக்கொள்வேன். இறங்கியவுடன் ஆலயத்துக்குள் நுழைய விடாமல், வெளியே நிழலில் அனைவரையும் உட்காரவைத்து, வரலாற்றை இருபது நிமிடத்தில் சொல்லி முடிப்பேன். அதன் பிறகு பேச்சே கிடையாது. திருப்பலி, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), அவரவர் நேர்ச்சை, தனியாக அமர்ந்து செபிக்க நேரம் என்று முற்பகல் முழுவதையும் அங்கேயே கொடுத்துவிட்டு, மதிய உணவுக்குப் பின் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டால் இரவுக்குள் சேர்ந்துவிடலாம். ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பேசி, நிகழ்ச்சி நிரலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மண்டபம்): பிப்ரவரி 4 திருவிழாவுக்கே போகலாமா, வேறு நாளில் போவது நல்லதா?

பதில்: முதல்முறை போகிறவர்களும் முதியோரைக் கூட்டிப் போகிறவர்களும் வேறு நாளில் போங்கள். திருவிழாவின் சிறப்பு பெரிதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு குழுவை ஒன்றாக நிறுத்தி எதையும் விளக்க இயலாது. அருளானந்தர் உயிர் நீத்த 1693 பிப்ரவரி 4 ஒரு புதன்கிழமை, அதிலும் அவ்வாண்டின் தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதன். ஆகவே தவக்காலத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துச் செல்வது பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வேண்டாம்.

கேள்வி (ராமநாதபுரம், கல்லூரி மாணவர்): ஐயா, சென்ற முறை எங்களோடு வந்த வழிகாட்டி சேதுபதி மன்னரைக் கொடுங்கோலன் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்க் கோட்டையைக் கட்டிய மன்னரைப் பற்றி அப்படிக் கேட்டது மனத்துக்குச் சங்கடமாக இருந்தது. உண்மையில் நடந்தது என்ன?

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், தம்பி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர்; போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1673-இல் குருப்பட்டம் பெற்று, இந்தியாவுக்குக் கப்பல் ஏறி, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். இங்கே காவி உடுத்தி, புலால் நீக்கி, பண்டாரசுவாமியாக, அதாவது உள்ளூர்த் துறவியின் கோலத்தில், ஊர் ஊராக நடந்தார். அருளானந்தர் என்ற பெயரும் அந்த வாழ்க்கையோடு வந்ததே.

1686-இல், சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் அவரைப் பிடித்துக் கடுமையாக வதைத்தார்கள். பிறகு ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தபோது, ரகுநாத கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, அவர் சொன்னதைக் கேட்டு, இந்தச் சீமையில் இனிப் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு உயிருடன் விடுவித்தார். உங்கள் வழிகாட்டி விட்டுவிட்ட செய்தி இதுதான். பின்னர் அருளானந்தர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, அதற்குள் மன்னராகிவிட்டிருந்த பழைய தோழர் பேதுரு, அவரை லிஸ்பனிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அதை ஏற்காமல் 1690-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, தடை இருப்பது தெரிந்தே மறவர் சீமைக்குள் நுழைந்தார்.

சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கடும் நோயிலிருந்து குணமடைந்து, 1693 ஜனவரித் தொடக்கத்தில் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார். கிறித்தவ நெறிப்படி முதல் மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பதால் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி சேதுபதிக்கு உறவுப்பெண். அவர் அரண்மனைக்குச் சென்று முறையிட்டார். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர் புதிய சமயத்தில் சேர்ந்துவிட்டார், சொந்தக் குடும்பத்துப் பெண் அவமதிக்கப்பட்டாள், கட்டளை மீறப்பட்டது என்ற மூன்றும் ஒரே நேரத்தில் மன்னர் முன் வந்து நின்றன. ஜனவரி 8-ஆம் நாள் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். ராமநாதபுரத்தில் சிறை வைக்கப்பட்டு, பின்னர் மன்னரின் தம்பி உடையத்தேவரின் ஆளுகையில் இருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே கொல்லப்பட்டார்.

மன்னர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று கதை சொல்பவர், அரசியலையும் குடும்பத்தையும் மறைத்துவிட்டு, ஒரு பக்கம் புனிதர், மறுபக்கம் அரக்கன் என்று சொல்லிவிட்டுப் போனால், கேட்பவர்களின் நெஞ்சில் பக்திக்குப் பதிலாகப் பகைதான் தங்கும். அருளானந்தருடைய மரணத்துக்கு அந்தக் கூட்டல் எதுவும் தேவையில்லை. இன்று ஓரியூருக்கு நேர்ச்சையோடு வருபவர்களில் மறவர் குடும்பங்களும் கள்ளர் குடும்பங்களும் ஏராளம். அவர்களில் இந்துக்களும் பலர் என்பதை வழிகாட்டிகள் நினைவில் வைக்க வேண்டும். கடலாயியின் பெயரைச் சொல்லும்போதும் பழித்துச் சொல்லாதீர்கள். தன் வாழ்வு ஒரே நாளில் பறிபோன பெண் தன் உறவினரிடம் முறையிட்டாள், அவ்வளவே.

கேள்வி (தங்கச்சிமடம்): அங்கே மண் சிவப்பாக இருப்பது அவருடைய இரத்தத்தால்தான் என்கிறார்களே, உண்மையா? மண்ணை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: அவர் இரத்தம் சிந்திய மணல் சிவந்தது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை, ஓரியூரைச் செம்மண் புனிதரின் ஊர் என்று மக்கள் அழைப்பதும் அதனால்தான். இரும்புச் சத்து மிகுந்த செம்மணல் தென்கடற்கரையில் வேறு இடங்களிலும் காணப்படுவது என்பதும் உண்மை. நான் குழுவினரிடம் இரண்டையும் சொல்லிவிடுவேன். அவ்வாறு சொன்ன பிறகும் ஒரு பாட்டி முந்தானை முனையை விரித்து, அந்த மணலை இரண்டு விரலால் அள்ளிப் போட்டு முடிந்துகொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள், தடுக்கவும் கூடாது. வீட்டில் நோயாளி இருந்தால் நெற்றியில் பூசி, செபம் சொல்வது வழக்கம். ஒரு பிடிக்கு மேல் எடுக்காதீர்கள். பையில் நிரப்பிக்கொண்டு வந்து விற்பவர் எவராயினும் அவரிடம் வாங்காதீர்கள். நோய்க்கு மருத்துவம் பார்ப்பதை மட்டும் மண்ணை நம்பி நிறுத்திவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (மூக்கையூர்): புனிதரின் கல்லறை அங்கே இருக்கிறதா?

பதில்: வேளாங்கண்ணியில் மாதா சொரூபத்தைப் போலவோ, கோவாவில் புனித சவேரியாரின் உடலைப் போலவோ ஒன்றைத் தேடிப் போகாதீர்கள். தலை வெட்டப்பட்ட பின் அவருடைய கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டு, உடல் கம்பத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டது. முழு உடலை வைத்து எழுப்பிய கல்லறை அங்கே இல்லை. ஓரியூரில் நாம் வணங்கச் செல்வது அவர் மண்டியிட்டு உயிர் கொடுத்த இடத்தை.

கேள்வி (தேவிபட்டினம்): நாங்கள் இந்துக்கள். என் மகளுக்குக் குழந்தை பிறந்தால் ஓரியூரில் மொட்டை எடுத்துக் கிடா வெட்டுவதாக என் மாமியார் நேர்ந்திருந்தார். கிறித்தவக் குழுவோடு சேர்ந்து வந்தால் இதற்கு இடம் தருவார்களா, அண்ணே?

பதில்: தாராளமாக வாருங்கள், அம்மா. முடி இறக்குவதும், கிடா வெட்டிச் சமைத்து உறவினருக்கும் ஏழைகளுக்கும் அசனம் கொடுப்பதும், குழந்தை வரம் பெற்றவர்கள் தென்னங்கன்று காணிக்கை செலுத்துவதும் ஓரியூரில் நெடுங்காலமாக நடந்துவருபவை. இவற்றில் சமய வேறுபாடு பார்ப்பதில்லை. தடை ஏதும் வருமானால், அது உங்கள் குழுவின் நேரக் கணக்கால்தான் வரும். கிடா வெட்டிச் சமைத்துப் பரிமாறி முடிக்க ஒரு பகல் முழுவதும் தேவைப்படும். ஐம்பது பேர் வண்டியில் காத்திருக்கும்போது அதைச் செய்ய முடியாது. நேர்ச்சைக்காகத் தனி வண்டியில் குடும்பத்தோடு வாருங்கள். முடி இறக்குவது மட்டும் என்றால் குழுவோடு வந்தாலும் முடித்துவிடலாம். எதற்கும் முன்னதாகவே திருத்தல அலுவலகத்தில் சொல்லி, எங்கே சமைப்பது, தண்ணீருக்கு என்ன வழி, எச்சில் இலையை எங்கே போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பலியில் பங்கேற்கலாம், நற்கருணை வாங்கும் நேரத்தில் மட்டும் இடத்திலேயே இருந்து செபியுங்கள்.

கேள்வி (நம்புதாளை): என் தகப்பனாருக்கு எண்பது வயது. கூட்டிப் போகலாமா?

பதில்: கூட்டிப் போங்கள். நண்பகலில் மணல் நன்றாகக் கொதிக்கும். வெறுங்காலோடு நடப்பேன் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். பத்து மணிக்குள் நடக்க வேண்டியதை நடந்துவிட்டு நிழலில் அமர்த்திவிடுங்கள். மாத்திரைகளைப் பேருந்தில் விட்டுவிடாமல் கையில் வையுங்கள்.

கேள்வி (கீழக்கரை): இரண்டு நாள் பயணம் என்றால் ஓரியூரோடு வேறு எவற்றைச் சேர்க்கலாம்?

பதில்: சிவகங்கை மாவட்டத்துச் சருகணியைக் கட்டாயம் சேருங்கள். அங்குள்ள திரு இருதய ஆலயமும் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) தேரும் புகழ் பெற்றவை. 1973-இல் இறந்த இறைஊழியர் லூயி மரி லெவே அடிகளாரின் கல்லறையும் அங்கே இருக்கிறது. வெயிலில் குளம் வெட்டும் மக்களோடு தாமும் நின்ற குரு என்று அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள். மதுரைப் பக்கம் திரும்புவதானால் மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் 1894-இல் எழுப்பப்பட்ட கோத்திக் ஆலயத்தையும் பார்க்கலாம். கடற்கரை வழியே திரும்பினால் காரங்காட்டுச் செங்கோல் மாதா ஆலயத்தில் மாலைச் செபமாலை சொல்லலாம். பகல் வெளிச்சம் மிச்சமிருந்தால் அங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வர, இளையோர் மிகவும் விரும்புவார்கள். இவற்றுக்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். ஒரே நாளில் ஏழு கோயில் என்று அறிவிக்கிற பயணங்களில் ஆட்கள் செபிப்பதைவிட ஏறி இறங்குவதே அதிகம்.

கேள்வி (ராமேசுவரம்): ஓரியூரும் கச்சத்தீவும் சேர்த்து அழைத்துப் போகிறோம் என்று ஒருவர் ஆளுக்கு முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள், ஐயா. கச்சத்தீவுப் புனித அந்தோணியார் ஆலயத்துக்கு நினைத்த நாளில் எவரும் அழைத்துப் போக முடியாது. 1974-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம், நம் மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் தீவுக்குச் சென்று வர இடம் தந்தாலும், நடைமுறையில் நாம் செல்வது ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தை ஒட்டி வரும் இரண்டு நாள் திருவிழாவுக்கு மட்டுமே. அதற்கும் ராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயத்தின் வழியாக முன்பதிவு செய்து, அடையாள ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, பதிவு பெற்ற படகில்தான் ஏற வேண்டும். 2024-இல் நம் மீனவர்களுக்கு இலங்கையில் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைக் கண்டித்து நம் பக்கத்தினர் திருவிழாவைப் புறக்கணித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பு வரும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. தீவில் குடிநீர் கிடையாது. இரவு திறந்தவெளியில்தான் தங்க வேண்டும். ஓரியூர்ப் பயணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கச்சத்தீவுக்கு ஆசையிருந்தால் தை பிறந்தவுடன் வேர்க்கோட்டுப் பங்கு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடையில் ஆள் வேண்டாம்.